முக்காடு போட்டு வந்தவர் யார்?

ஒரு கேள்வி கேட்கிறேன். யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

கொரிஸ்கஸ் என்று ஒருவர். உங்களுக்கு நன்றாகப் பழக்கமானவர். ஒரு நாள் அவர் முகம் தெரியாதபடி முக்காடு போட்டுக்கொண்டு தெருவில் வருகிறார்.

அதோ வருகிறவரை உனக்குத் தெரியுமா என்று ஒருவன் உங்களைக் கேட்கிறான்.

தெரியாது என்கிறீர்கள். உண்மைதானே? முகம்தான் மூடியிருக்கிறதே!

கொரிஸ்கசைத் தெரியுமா என்று அடுத்துக் கேட்கிறான்.

ஓ, நன்றாகத் தெரியும் என்கிறீர்கள்.

முக்காடு விலகுகிறது. கொரிஸ்கஸ் நிற்கிறார்!

கேட்டவன் கைகொட்டிச் சிரிக்கிறான். ஒரே ஆளைத் தெரியும் என்றும் சொன்னாய், தெரியாது என்றும் சொன்னாய், நீ பொய்யன் என்கிறான்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அது உங்களுக்கே தெரியும். ஆனால் அவன் பேச்சில் தப்பு எங்கே இருக்கிறது? விரலை வைத்துக் காட்ட முடிகிறதா?

ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் இப்படிச் சொற்சிலம்பம் ஆடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இன்னொன்றும் கேளுங்கள். இந்த நாய் உன்னுடையது. இதற்குக் குட்டிகள் இருக்கின்றன. ஆகவே இது ஒரு தகப்பன். இது தகப்பன், இது உன்னுடையது. ஆகவே, இது உன்னுடைய தகப்பன்!

நமக்குச் சிரிப்பு வருகிறது. ஏதென்ஸ் நகரத்து ஜனங்களுக்கு எப்போதும் சிரிப்பு வந்துவிடவில்லை. அங்கே கோர்ட்டில் வாதாட வக்கீல் கிடையாது. காசு கொடுத்தால் பேச்சை எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. ஆனால் எழுந்து நின்று பேசுவது அவரவர் பாடு. நூற்றுக்கணக்கான ஜூரிகள் உட்கார்ந்து கேட்பார்கள். அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சொல்லைத் திரிக்கத் தெரிந்தவன் ஜெயித்தான். தெரியாதவன் சொத்தை இழந்தான். சில சமயம் உயிரையும் இழந்தான்.

கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களும் இருந்தார்கள்!

இந்த முடிச்சுக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவிழ்க்கும் வழியையும் எழுதி வைத்துவிட்டுப் போனவர் ஒருவர். அவர்தான் அரிஸ்டாட்டில்.

வைத்தியர் மகன்

கிரேக்க நாட்டின் வடகோடியில் ஸ்டாகிரா என்று ஒரு சிற்றூர். அங்கே கி.மு. 384-ல் அரிஸ்டாட்டில் பிறந்தார். தகப்பனார் நிக்கோமாக்கஸ் ஒரு வைத்தியர். சாதாரண வைத்தியர் அல்ல. மாசிடோனியா நாட்டு மன்னர் அமின்டாசின் அரண்மனை வைத்தியர். மகா அலெக்சாண்டரின் பாட்டனார்தான் இந்த அமின்டாஸ்.

சிறு வயதிலேயே தாய் தந்தையர் இருவரும் இறந்துவிட்டார்கள். பிராக்சீனஸ் என்பவர் பையனை வளர்த்தார். பதினேழு வயதானதும் பையன் ஏதென்சுக்குப் புறப்பட்டான். அங்கே பிளேட்டோ என்ற பெரிய ஞானி பள்ளி நடத்தி வந்தார். அவரிடம் படிக்கப் போனவர், ஓர் ஆண்டல்ல, இரண்டு ஆண்டல்ல, இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்!

குருவின் மீது அவருக்குப் பக்தி உண்டு. ஆனாலும் குரு சொன்னதை எல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. நண்பரும் வேண்டும், உண்மையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் உண்மையைத்தான் எடுக்க வேண்டும் என்று பிற்காலத்தில் எழுதினார்.

ஏதென்சில் அவர் அந்நியர். இருபது ஆண்டு இருந்தாலும் அந்நியரே. ஏதென்ஸ் பிரஜைக்குப் பிறந்தவன்தான் ஏதென்ஸ் பிரஜை. வெளியூர்க்காரன் அங்கே குடியிருக்கலாம். அதற்கு ஆண் ஒருவன் ஆண்டுக்கு 12 திரம்மா வரி கட்ட வேண்டும். நிலம் வாங்க முடியாது. ஓட்டுப் போட முடியாது.

கி.மு. 347-ல் பிளேட்டோ இறந்தார். பள்ளியின் தலைமைப் பதவி அவருடைய சகோதரி மகன் ஸ்பியூசிப்பசுக்குப் போயிற்று. அரிஸ்டாட்டில் ஏதென்சை விட்டுப் புறப்பட்டார்.

கடல் கடந்த வாழ்வு

இப்போதைய துருக்கி நாட்டின் மேற்குக் கடற்கரையில் அசோஸ் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பகுதியை அப்போது ஹெர்மியாஸ் என்பவர் ஆண்டு வந்தார். அடிமையாக இருந்து ஆட்சிக்கு வந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கல்விமான்களிடம் அவருக்கு அளவில்லாத பிரியம். அரிஸ்டாட்டிலை வரவேற்று ஆதரித்தார். தாம் வளர்த்த பெண்ணான பித்தியாசை அவருக்கே மணம் முடித்துக் கொடுத்தார்.

அங்கேதான் நம்முடைய கொரிஸ்கசும் வருகிறார்! அவர் கற்பனை ஆள் அல்ல. பக்கத்து ஊரான ஸ்கெப்சிசைச் சேர்ந்தவர். அவரும் பிளேட்டோவின் சீடர். ஆசிரியர்கள் பாடம் நடத்தும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பரின் பெயரை உதாரணத்துக்கு இழுப்பது வழக்கம்தானே? அரிஸ்டாட்டிலின் நூல்களில் கொரிஸ்கசின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பாவம், எத்தனை முறை முக்காடு போட்டுக்கொண்டாரோ!

பிறகு லெஸ்போஸ் தீவுக்குப் போனார். தியோபிராஸ்டஸ் என்ற இளைஞர் துணையாக இருந்தார். மீனவர்களிடம் விசாரிப்பார். மீனை அறுத்துப் பார்ப்பார். ஓங்கில் என்ற கடல் பிராணியைப் பார்க்கிறவர்கள் மீன் என்றே சொல்வார்கள். அரிஸ்டாட்டில் அப்படி விட்டுவிடவில்லை. அதற்கு நுரையீரல் உண்டு, குட்டி போடுகிறது, பால் கொடுக்கிறது என்று எழுதினார். பார்வைக்கு ஒன்று, உண்மையில் வேறொன்று. ஒரு பொருள் எது என்று கேட்டால், அது எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது என்பது அவருடைய கட்சி.

கி.மு. 343-ல் மாசிடோனியா மன்னர் பிலிப்பிடம் இருந்து அழைப்பு வந்தது. மன்னரின் மகனுக்கு அப்போது வயது பதின்மூன்று. அவனுக்குப் பாடம் சொல்ல வேண்டும். அந்தப் பையன்தான் அலெக்சாண்டர்! பிற்பாடு அவன் செய்த காரியங்களை உலகமே அறியும். ஆசிரியர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதற்குத்தான் சரியான குறிப்பு இல்லை. ஆகவே அந்தக் கதையை இத்துடன் விடுவோம்.

இதற்கிடையில் ஒரு துயரம் நேர்ந்தது. ஹெர்மியாசைப் பாரசீகர்கள் வஞ்சகமாகப் பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். நண்பருக்காக அரிஸ்டாட்டில் ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டு ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து அவர் கழுத்துக்கே கயிறாக வரப்போகிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

நடந்துகொண்டே பாடம்

கி.மு. 335-ல் அரிஸ்டாட்டில் ஏதென்சுக்குத் திரும்பினார். ஊருக்கு வெளியே லைசியம் என்ற தோப்பில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். நடைபாதையில் உலவிக்கொண்டே பாடம் சொல்வார் என்பார்கள்.

அங்கே அவர் தர்க்கத்தை ஒரு சாஸ்திரமாகக் கற்பித்தார். பெயர்களுக்குப் பதில் எழுத்துக்களைப் போட்டு வாதத்தின் எலும்புக்கூட்டை மட்டும் தனியே எடுத்துக் காட்டினார். அப்படிச் செய்ததாக நாம் அறிகிற முதல் ஆள் அவர்தான்.

அவருடைய சாஸ்திரத்துக்கெல்லாம் அடியில் ஒரு விதி இருக்கிறது. முரண்பாட்டு விதி என்று அதைச் சொல்லலாம். ஒரு தன்மை ஒரு பொருளுக்கு இருக்கவும் இல்லாமலும் போக முடியாது. இவ்வளவுதானா என்று தோன்றுகிறதல்லவா? அவர் மூன்று காவல்களையும் அதோடு சேர்த்து வைத்தார். பொருள் ஒன்றாகவே இருக்க வேண்டும். நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எந்த வகையில் பேசுகிறோமோ அந்த வகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்து, உண்டு என்றும் இல்லை என்றும் சொன்னால்தான் முரண்பாடு.

அண்ணன் பெரியவர், அதே அண்ணன் அப்பாவுக்குச் சின்னவர். முரண்பாடா? இல்லை. வகை வேறு. காலையில் அடுப்பு சூடு, இரவில் குளிர்ச்சி. முரண்பாடா? இல்லை. நேரம் வேறு.

இப்போது முக்காட்டை விலக்கிப் பார்ப்போம்.

கொரிஸ்கஸ் என்ற வகையில் அவரை உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிற ஆள் என்ற வகையில் தெரியாது. ஆள் ஒருவரே. வகை இரண்டு. ஆகவே தெரியும் என்றதும் உண்மை, தெரியாது என்றதும் உண்மை. உங்களைப் பொய்யன் என்றவன் வகையை மாற்றி ஏமாற்றினான்!

நாயின் விஷயமும் அப்படியே. நாய் உடைமை என்ற வகையில் உன்னுடையது. தகப்பன் என்ற வகையில் குட்டிகளுடையது. இரண்டு வகையையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டால், நாய் மனிதனுக்குத் தகப்பன் ஆகிவிடுகிறது.

பிடிவாதக்காரனுக்கு என்ன பதில்?

ஆனால் அந்த விதியையே ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள்.

எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எதையும் இன்னது என்று சொல்ல முடியாது என்று ஒரு கூட்டம் வாதாடியது. இந்தக் கூட்டத்தில் கிராட்டிலஸ் என்று ஒருவர். எந்தச் சொல்லைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பொருள் மாறிவிடுமே! ஆகவே அவர் கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டார். விரலை மட்டும் அசைத்துக் காட்டுவாராம்! அரிஸ்டாட்டிலே இதை எழுதியிருக்கிறார்.

அவனவனுக்கு எப்படித் தோன்றுகிறதோ அதுவே உண்மை என்று இன்னொரு கூட்டம் சொன்னது. அப்படியானால் ஒருவனுக்கு ஆம், மற்றவனுக்கு இல்லை, இரண்டும் உண்மை! கோர்ட்டும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்.

இவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது? விதியை நிரூபித்துக் காட்டு என்று கேட்டார்கள். அரிஸ்டாட்டில் நிரூபிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்! எந்த நிரூபணத்தைக் கொண்டுவந்தாலும் அதற்குள் இந்த விதியே உட்கார்ந்திருக்கும். தராசைக் கொண்டு அதே தராசை நிறுக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்பது படிப்பின்மை என்றுகூடக் கொஞ்சம் கோபமாகவே எழுதினார்.

ஆனால் எதிராளியை மடக்க ஒரு வழி கண்டுபிடித்தார். என்ன அழகான வழி பாருங்கள். எதிராளி நீண்ட வாதம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். மனிதன் என்று ஒரு சொல்லைச் சொல்லட்டும். அந்தச் சொல்லுக்கு ஏதாவது ஒரு பொருள் வைத்துத்தானே சொல்கிறான்? மனிதன் என்றால் மனிதன். மனிதன் அல்லாத ஒன்று அல்ல. அவ்வளவுதான்! விதியை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. சொல்லுக்குப் பொருளே வைக்கவில்லை என்கிறானா? அப்படியானால் அவன் எதுவும் பேசவில்லை. பேசாதவனோடு என்ன வாதம்? செடியோடு யாராவது வாதாடுவார்களா என்று கேட்டுவிட்டார்.

இன்னொரு வழியும் காட்டினார். வாயால் மறுக்கிறவன் காலால் என்ன செய்கிறான் என்று பார்க்கச் சொன்னார். மெகாரா என்ற ஊருக்குப் போக வேண்டும் என்றால் எழுந்து நடக்கிறான். போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றே என்றால் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாமே! வழியில் பாழுங்கிணறு வந்தால் விலகி நடக்கிறான். விழுவதும் நல்லது, விழாததும் நல்லது என்று அவன் நினைக்கவில்லை என்பது அந்தக் காலடியிலேயே தெரிகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணற்றின் மீதே கண் போகும். எத்தனையோ பெரிய புத்தகங்கள் செய்யாததை அந்தக் கிணறு செய்துவிடுகிறது.

பழைய கடனை யார் தீர்ப்பது?

இது பண்டிதர் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இதில் பணமும் உண்டு.

ஒரு நாட்டில் கொடுங்கோலன் ஆட்சி. அவன் கடன் வாங்குகிறான். பிறகு மக்கள் எழுந்து அவனை விரட்டுகிறார்கள். மக்களாட்சி வருகிறது. கடன் கொடுத்தவன் வந்து நிற்கிறான். வாங்கியவன் அவன், நாங்கள் அல்ல என்று புதிய ஆட்சி கைவிரிக்கிறது. இது சரியா? நேற்றைய நாடும் இன்றைய நாடும் ஒன்றா, வேறா?

அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். ஆற்றைப் பாருங்கள். தண்ணீர் வருகிறது, போகிறது. ஆறு அதே ஆறுதான். ஜனங்களும் பிறக்கிறார்கள், இறக்கிறார்கள். அதனால் நாடு மாறிவிடாது. ஆனால் ஆட்சி அமைப்பு மாறினால் நாடு வேறு நாடு ஆகிறது என்று முடிவு கட்டினார். உடனே ஒரு கொக்கியும் போட்டார். நாடு மாறிவிட்டது என்பது ஒரு விஷயம். கடனைத் தீர்ப்பது நியாயமா இல்லையா என்பது தனி விஷயம். ஒன்றைக் காட்டி மற்றொன்றில் தப்பித்துக்கொள்ளாதே!

ஏதென்சிலேயே இது நடந்தது. கி.மு. 404-ல் முப்பது பேர் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்கள் கட்சிக்காரர்கள் ஸ்பார்ட்டாவிடம் கடன் வாங்கி, மக்களாட்சிக் கட்சியோடு சண்டை போட்டார்கள். கி.மு. 403-ல் மக்களாட்சி திரும்பியது. அவரவர் கடனை அவரவர் தீர்க்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தம். ஆனாலும் தங்களைக் கொல்ல வாங்கிய கடனை ஏதென்ஸ் மக்கள் பொதுப் பணத்தில் இருந்தே தீர்த்தார்கள்! அரிஸ்டாட்டிலின் பள்ளியில் எழுதப்பட்ட ஏதென்ஸ் அரசியல் வரலாறு அந்தச் செயலைப் பாராட்டுகிறது. பல நூற்றாண்டுகள் காணாமற்போயிருந்த அந்த நூல், எகிப்தில் கிடைத்த பழைய ஏடுகளில் இருந்து 1891-ல் அச்சேறியது.

அவரே வழுக்கிய இடம்

இவ்வளவு கூர்மையானவர் ஓரிடத்தில் வழுக்கினார்.

அடிமை என்பவன் உயிருள்ள கருவி என்று எழுதினார். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்றார். அது இயற்கைக்கு விரோதம் என்று சொன்னவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அவர்கள் வாதம் அவருக்குத் தெரியும். தம் நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் ஏற்கவில்லை.

அடிமையோடு நட்பு கொள்ளலாமா என்ற கேள்வி வந்தது. அடிமை என்ற வகையில் முடியாது, மனிதன் என்ற வகையில் முடியும் என்று பதில் சொன்னார்! முக்காட்டை விலக்கிய அதே சாவிதான். ஆனால் இந்தப் பூட்டுக்கு அது பொருந்தவில்லை. சந்தையில் விலைக்குப் போகிறவன் கருவி என்ற வகையில் மட்டும் போவதில்லை. மனிதனும் சேர்ந்தேதான் போகிறான். அடிமையாக இருந்தவர் என்று சொல்லப்பட்ட ஹெர்மியாசின் வீட்டில் பெண் எடுத்தவருக்கு இது தோன்றாமற்போனது எப்படியோ!

இரவோடு வந்த ஆபத்து

கி.மு. 323-ல் பாபிலோன் நகரில் அலெக்சாண்டர் இறந்தார். செய்தி ஏதென்சுக்கு வந்ததும் மாசிடோனியாவின் மீது இருந்த ஆத்திரம் வெடித்தது. அரிஸ்டாட்டில் யார்? அலெக்சாண்டரின் வாத்தியார். அது போதாதா?

அலெக்சாண்டரால் அவர் பட்டது வேறு கதை. அவருடைய உறவினர் காலிஸ்தனிஸ் அலெக்சாண்டரோடு படையில் போனவர். கி.மு. 327-ல் சதிக் குற்றம் சாட்டப்பட்டு, பிடிபட்டு மாண்டார். ஏதென்சுக்கு இதெல்லாம் கணக்கில்லை. ஏதென்சில் வாழ்ந்து முதுமை அடைந்த ஆசிரியர் என்ற வகையில் அவர் நம்மவர். மாசிடோனியாவின் நண்பர் என்ற வகையில் எதிரி. வகை பிரித்துப் பார்க்கும் பொறுமை அன்று யாருக்கும் இல்லை.

தெய்வ நிந்தனை என்று வழக்குப் போட்டார்கள். ஆதாரம்? ஹெர்மியாசுக்காக எழுதிய அந்தப் பழைய பாட்டு! மனிதனைத் தெய்வம்போல் பாடிவிட்டார் என்றார்கள்.

இதே ஊர்தான் கி.மு. 399-ல் சாக்ரடீசை விஷம் குடிக்கச் செய்தது. தத்துவத்துக்கு இரண்டாம் முறையும் பாவம் செய்ய ஏதென்சுக்கு இடம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அரிஸ்டாட்டில் புறப்பட்டார் என்று கதை உண்டு. தாயாரின் ஊரான கால்சிசுக்குப் போனார். மறு ஆண்டே, கி.மு. 322-ல், வயிற்று நோயால் இறந்தார். வயது 62.

அவர் எழுதி வைத்த உயில் நமக்குக் கிடைத்திருக்கிறது. முன்பே இறந்துபோன மனைவி பித்தியாசின் எலும்புகளை, அவள் விரும்பியபடி, தம் கல்லறையிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறார். தமக்குப் பணி செய்த சிறுவர்கள் யாரையும் விற்கக் கூடாது, உரிய வயது வந்ததும் தகுதியைப் பார்த்து விடுதலை செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அம்பிராசிஸ் என்ற அடிமைப் பெண்ணுக்கு விடுதலையும், மகளின் கல்யாணத்தின்போது 500 திரம்மாவும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நூலில் எழுதியதற்கும் உயிலில் எழுதியதற்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதாள அறையில் புத்தகங்கள்

புத்தகங்கள் என்ன ஆயின? அவை சீடர் தியோபிராஸ்டசிடம் போயின. அவர் இறக்கும்போது நீலியஸ் என்பவருக்குக் கொடுத்தார். இந்த நீலியஸ் யார் மகன் தெரியுமா? கொரிஸ்கசின் மகன்!

அவர் அவற்றை ஸ்கெப்சிசுக்குக் கொண்டுபோனார். அவருடைய வாரிசுகளுக்குப் படிப்பு இல்லை. ராஜாவின் ஆட்கள் நூலகத்துக்காகப் புத்தக வேட்டை ஆடுகிறார்கள் என்று பயந்து, நிலத்துக்கு அடியில் குழி எடுத்து ஒளித்துவிட்டார்கள். ஈரமும் பூச்சியும் அரித்தன. பல காலம் கழித்து ஒரு செல்வர் விலைக்கு வாங்கி ஏதென்சுக்குக் கொண்டுவந்தார். கி.மு. 86-ல் ரோமத் தளபதி சல்லா ஏதென்சைப் பிடித்தபோது, அந்தப் புத்தகங்களை ரோமுக்கு அள்ளிச் சென்றார். ஸ்ட்ராபோ என்ற பழைய ஆசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். பின்னர் ஆண்ட்ரோனிக்கஸ் என்பவர் அரிஸ்டாட்டிலின் நூல்களை ஒழுங்குபடுத்தினார்.

லைசியம் இருந்த இடம் 1996-ல் ஏதென்ஸ் நகரின் நடுவே அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஒரு கலைக்கூடம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது, பழைய சுவர்களின் அடித்தளம் தட்டுப்பட்டது. கட்டட வேலையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.